வியட்நாமில் போர்க்காலச் சுரங்கம் பார்க்கத் தனி வழிகாட்டியோடு ஒருநாள் பயணம் போவது தேவையா, குழுவோடு போனால் போதாதா?

கேள்வி கேட்டவர் வயதான அம்மாவும் கூட வருகிறார் என்று எழுதியிருக்கிறார். குழுவோடு போனால் மூன்றில் ஒரு பங்கு காசுதான் ஆகும், பிறகு ஏன் வீண் செலவு என்றும் கேட்டிருக்கிறார். அந்த 'வீண் செலவு' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. என் அண்ணாவும் அதே சொல்லைத்தான் சொன்னார்.

அம்மாவோடு போகிறீர்கள் என்றால் தனி வழிகாட்டியோடேயே போங்கள். அதற்கு முன்னால் எந்தச் சுரங்கம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

நீங்கள் நினைத்திருப்பது அநேகமாக கூச்சி. ஹோ சி மின் நகரத்தில் இறங்குபவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். போர்க்காலத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்த சுரங்க வலை அது. 1940களின் கடைசியில் பிரெஞ்சுக்காரருக்கு எதிராக வெட்டத் தொடங்கி, அமெரிக்கப் போரில் பெருக்கியது. அங்கே பார்ப்பதற்குப் பென் டின், பென் யுவொக் என்று இரண்டு இடங்கள் உண்டு. பென் டின் நகரத்துக்குக் கிட்ட, அதனால் கூட்டம் அதிகம். பென் யுவொக் தள்ளி இருக்கிறது, கொஞ்சம் அமைதி. ஆனால் கூச்சி போராளிகளின் சுரங்கம். சுற்றுலாப் பயணிகளுக்காக அகலப்படுத்திய பகுதியிலேயே குனிந்து, சில இடத்தில் தவழ்ந்துதான் போக வேண்டும். அதோடு அங்கே காசு கொடுத்து ஏகே-47 சுடும் இடமும் இருக்கிறது. அந்தச் சத்தம் மரங்களுக்கிடையில் தூரம் வரைக்கும் கேட்கும். கூச்சியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதன் வரலாறு பெரியது, போய்ப் பார்த்தவர்கள் மெச்சித்தான் சொல்கிறார்கள். என் அம்மாவுக்கு மட்டும் சுடும் சத்தம் இன்றைக்கும் ஆகாது.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். 1990இல் எனக்கு எட்டு வயது. முற்றத்து மாமரத்துக்குப் பக்கத்தில் அப்பாவும் மாமாவும் சேர்ந்து 'ட' எழுத்து மாதிரி ஒரு பங்கர் வெட்டினார்கள். மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண் மூட்டை. பொம்மர், அதுதான் குண்டு போடும் விமானம், சத்தம் கேட்டால் அம்மா எங்களை உள்ளே தள்ளிவிட்டுக் கடைசியாகத்தான் இறங்குவா. அதனால் வியட்நாம் போவதென்று முடிவானபோது, நாங்கள் கேளாமலே அம்மா சொன்னா: "நிலத்துக்குக் கீழ சனம் இருந்த இடம் ஒண்டு இருக்காமே, அதைப் பாக்க வேணும்."

அப்படித் தேடியபோதுதான் வின் மொக் கிடைத்தது. நாட்டின் நடுப்பகுதியில், குவாங் திரி மாகாணத்துக் கடற்கரையில் இருந்த ஒரு மீனவக் கிராமம். 1954 ஜெனீவா உடன்படிக்கையில் 17ஆவது அகலக்கோட்டை ஒட்டி நாட்டைப் பிரித்தபோது, எல்லையாக வந்தது பென் ஹாய் ஆறு. வின் மொக் அதற்குச் சற்று வடக்கே. எல்லைக்கு அவ்வளவு கிட்ட இருந்ததாலும், எதிரே கடலில் இருக்கும் கோன் கோ தீவுக்கு அரிசியும் ஆயுதமும் இங்கிருந்து படகில் போனதாலும் அமெரிக்கக் குண்டு மழை. ஊர்ச் சனம் மண்வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு செம்மண் குன்றைக் குடைந்து உள்ளே குடிபோனார்கள். மூன்று தட்டு. ஆழமான தட்டு 20 மீட்டருக்கும் கீழே. 13 வாசல்கள், அதில் 7 கடலைப் பார்த்தவை. கிணறு, சமையல் இடம், கூட்டம் கூடும் அறை, பிள்ளைப்பேற்று அறை எல்லாம் உள்ளேயே. 17 குழந்தைகள் அங்கே பிறந்திருக்கிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு முக்கியமான விசயம், வின் மொக் சுரங்கத்தில் தவழத் தேவையில்லை. குடும்பங்கள் இருக்க வெட்டியதால் உயரம் கிட்டத்தட்ட ஓர் ஆள் அளவு. என் அம்மா குள்ளம், பெரும்பாலும் நிமிர்ந்தே நடந்தா. நான்தான் இரண்டு இடத்தில் தலையை இடித்துக்கொண்டேன்.

ஹுவே நகரத்திலிருந்து போனோம். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டரை மணிநேரம். காரும் சாரதியும் வழிகாட்டியும் சேர்த்து 25 லட்சம் டோங் கொடுத்தோம், நுழைவுச்சீட்டு தனி. வழிகாட்டி முப்பது வயதுப் பையன், அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன். காரில் ஏறியதும் அம்மாவை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டான். தங்கள் பக்கத்தில் அம்மாவை 'மா' என்றுதான் சொல்வோம், அப்படிக் கூப்பிடலாமா என்றான். நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அன்று முழுக்க 'மா, மா' என்றே கூப்பிட்டான்.

போகும் வழியில், எல்லையாக இருந்த பென் ஹாய் ஆற்றின் மேல் இருக்கும் ஹியென் லுவாங் பாலத்தில் அரை மணிநேரம் நின்றோம். வடக்குப் பாதி நீலம், தெற்குப் பாதி மஞ்சள். இரண்டு கரையிலும் ஒலிபெருக்கி கட்டி ஆளையாள் மிஞ்சிக் கத்தியதையும், கொடிக்கம்பத்தை யார் உயரமாக நடுவது என்று போட்டி போட்டதையும் பையன் சொன்னான். இப்போது இருப்பது குண்டுவீச்சில் உடைந்த பிறகு மீண்டும் கட்டிய பாலம். அம்மா பாலத்தின் நடுவில், நிறம் மாறும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றா. ஒன்றும் சொல்லவில்லை.

சுரங்கத்துக்குள் இறங்கிப் பத்து நிமிடம் இருக்கும். பாதை நேரே போகாமல் வளைந்து வளைந்து போகிறது. பையன் அதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அம்மா சுவரைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னா: "வெடி அதிர்வு நேர உள்ள வராமல் இருக்கத்தான் வளைச்சிருக்கினம். கொப்பரும் அப்பிடித்தானே வெட்டினவர்." நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பையன் அப்படியே நின்றுவிட்டான். மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். அதுவரைக்கும் நாங்கள் அவனிடம் எங்கள் கதை எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வழிகாட்டி கேட்க, அம்மா சொல்ல என்று ஆகிவிட்டது. பக்கச் சுவரில் ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று குடைந்த சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அறை என்றால், இரண்டு பாய் விரிக்க இடம் காணாது. அப்படி ஒன்றின் வாசலில் அம்மா குந்திவிட்டா. மூச்சு வாங்குகிறதோ என்று பயந்து போனேன். அவ தன் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டா. விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? மழைக்குத் தண்ணீர் உள்ளே இறங்காதா? பாம்பு வராதா? குழந்தை அழுதால் என்ன செய்தார்கள்? எங்கள் வீட்டில் ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து எரித்த விளக்கைப் பற்றிக் கையால் காட்டிச் சொன்னா.

சிலவற்றுக்குப் பையனுக்குப் பதில் தெரிந்தது, சிலவற்றுக்குத் தெரியவில்லை. வெளியே வந்ததும் தன் அப்பாவுக்குப் போன் போட்டான். போர்க்காலத்தில், வின் மொக் இருக்கும் வின் லின் பகுதிப் பிள்ளைகளையும் முதியவர்களையும் வடக்கே அனுப்பினார்கள். அப்படிச் சிறுவயதில் அனுப்பப்பட்டவர் அவர். போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர் வியட்நாமிய மொழியில் பேச, பையன் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். குழந்தைகளைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: வடக்கே போகும்போது இரவில்தான் நடந்தோம், எங்களுக்கு அழப் பயம். பிறகு அவர் அம்மாவிடம் கேட்டார், உங்கள் குழிக்குள் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று. "ஒன்பது பேர், ஆடும் ஒண்டு" என்று அம்மா சொன்னா. மறுமுனையில் அந்த மனிதர் 'ஒன்பது' என்று திருப்பிச் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த ஒரு வாசலிலும் வெளியே அந்தப் போன் பேச்சிலும் மட்டும் முக்கால் மணிநேரம் போயிருக்கும். நாங்கள் அங்கே இருக்கும்போது ஒரு குழு வந்து எங்களைத் தாண்டிப் போனது. அவர்களுடைய வழிகாட்டி கெட்டிக்காரப் பெண்தான், நன்றாகவும் பேசினாள். ஆனால் பின்னால் இன்னொரு குழு நிற்கிறது. ஹுவேயிலிருந்து போகும் குழுப் பயணங்களில் பலவும் ஒரே நாளில் லாவோஸ் எல்லைப் பக்கம் இருக்கும் பழைய போர்க்களமான கே சான் வரைக்கும் போய்த் திரும்புகின்றன. வின் மொக்கில் ஒருவர் குந்தி இருந்து கேள்வி கேட்க அவர்களுக்கு நேரமில்லை. நான் காசு கொடுத்தது இதற்குத்தான். வீண் செலவு என்பவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

தனிப் பயணம் என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அதே பயணத்தில் வேறொரு நகரத்தில் ஒரு முகவரிடம் 'தனி' என்று பதிந்தோம். காலையில் பார்த்தால் வாகனத்தில் ஏற்கெனவே இரண்டு பேர். கேட்டால், வாகனம்தான் தனி, ஆட்களைப் பற்றிச் சொல்லவில்லை என்றார்கள். இன்னொன்று, சில பயணங்களில் சாரதி மட்டும்தான் வருவார். இடத்தில் விட்டுவிட்டு மரநிழலில் காத்திருப்பார். அதனால் பதியும்போதே எழுத்தில் கேளுங்கள்: வேறு யாரும் வருவார்களா, வழிகாட்டி சுரங்கத்துக்குள் கூட வருவாரா, எங்கள் விருப்பப்படி ஓர் இடத்தில் அதிக நேரம் நிற்கலாமா, கைவினைக் கடைகளில் நிறுத்தாமல் போகலாமா. முடிந்தால் குவாங் திரியைச் சேர்ந்த வழிகாட்டி வேண்டும் என்றும் கேளுங்கள். எங்களுக்கு அமைந்தது அதிர்ஷ்டம். நீங்கள் கேட்டே வாங்கலாம்.

போரைக் காசு கொடுத்துப் பார்க்கும் பொழுதுபோக்காக்குகிறாய் என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். குழியில் இருந்தவளின் மகளாகச் சொல்கிறேன், அம்மாவுக்கு அன்று அது பொழுதுபோக்கு இல்லை. நான் வரலாறு படித்தவள் இல்லை, எங்கள் போரும் அவர்கள் போரும் ஒன்று என்றும் சொல்லவில்லை. அந்த அரசியலைப் பேச எனக்கு இங்கே விருப்பமும் இல்லை. குழிக்குள் இருந்த பெண்களுக்கு இருந்த கேள்விகள் ஒன்றாக இருந்தன, அதைக் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஆனால் அண்ணாவைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நான்கு பிள்ளைகள். மூன்று பேர் மூன்று நாட்டில். அம்மா என்னோடு. மற்ற மூவரும் போனில் அறிவுரை சொல்வார்கள்: அம்மாவை அலைக்கழிக்காதே, அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, கோயிலுக்குக் கூட்டிப்போ, அது போதும். எழுபத்தொரு வயதுப் பெண்ணுக்குக் கோயிலைத் தவிர வேறு எதைப் பார்க்கவும் ஆசை இருக்காது என்று யார் முடிவு செய்தது? 25 லட்சம் டோங் என்றதும் அண்ணா பதறினார். அது கிட்டத்தட்ட 100 டொலர். அவர் வீட்டில் ஒரு பிறந்தநாள் கேக்குக்கு அதைவிடக் கூட ஆகும். அம்மா தன் வாயால் ஒரு இடம் கேட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல்தடவை. அதை 'பழசைக் கிளறுவது' என்று சொன்னார்கள். அம்மாவுக்குக் கிளறத் தேவையில்லை, அது எப்போதும் மேலேதான் கிடக்கிறது. இடி இடிக்கும் இரவுகளில் பக்கத்து அறையில் படுக்கும் எனக்கு அது தெரியும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் மழையும் புயலும், தவிர்க்கலாம். மே மாதத்துக்குப் பிறகு லாவோஸ் பக்கமிருந்து சூடான காற்று வீசும், வயதானவர்களுக்குக் கஷ்டம். நாங்கள் மார்ச்சில் போனோம், இதமாக இருந்தது. காலை ஏழு மணிக்கே வெளிக்கிட்டால் கூட்டத்துக்கு முன்னால் இறங்கலாம். உள்ளே சின்னச் சின்ன மின்விளக்குகள் இருந்தாலும் தனியாக ஒரு டோர்ச் வேண்டும். படிகள் ஈரமாக இருக்கும், பிடிப்புள்ள செருப்பு முக்கியம். குவாங் திரியில் வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அதனால் படம் எடுக்கிறேன் என்று பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள்.

அம்மாவால் முழுவதும் நடக்க முடியாவிட்டால் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வாசல்கள் நிறைய இருப்பதால் இடையில் வெளியேறலாம். முடியுமென்றால் கடல் பக்க வாசல் ஒன்றால் வெளியே வரச் சொல்லுங்கள். இருட்டுக்குள் இருந்து வந்து பார்த்தால் திடீரென்று கடல்தான் நிற்கும். அம்மா அந்த வாசலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்று, "எங்களுக்கும் இப்பிடி ஒரு பின்வாசல் இருந்திருக்க வேணும்" என்றா. அம்மா என்ன சொன்னா என்று பையன் கேட்டான். சொன்னேன். அவன் அம்மாவின் கையைப் பிடித்துப் படியால் இறக்கினான்.