வந்த சந்தோஷம் ஏன் தங்குவதில்லை?

கேள்வி: சொந்த வீடு கட்டினேன். கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு மாதத்தில் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. பௌத்த முறையில் தியானத்துக்கு உட்கார்ந்தால் தூக்கம் சொக்குகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், குடியாத்தம்

பதில்: வீட்டில் குறையில்லை. இனிய உணர்வு எழுந்ததும் 'இது இப்படியே இருக்கணும்' என்று மனம் பிடித்துக்கொள்கிறதே, அந்த வேட்கையைத்தான் துக்கத்தின் காரணம் என்றார் புத்தர். உணர்வு மாறிவிடும், பிடி மட்டும் விடாது. அதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் மூச்சுப் பயிற்சி.

வேலூர்ப் பக்கத்து வெயிலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் உட்கார்ந்தாலும் கண் சொருகும். விடியுமுன், வெறும் வயிற்றில், 20 நிமிடம் போதும். முதுகை நிமிர்த்தி, மூச்சு மூக்கில் உரசும் இடத்தைக் கவனித்தபடி எண்ணுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், தலை கனக்கும். ஒரு சுற்றில் 5-க்குக் குறையாமலும் 10-ஐத் தாண்டாமலும் எண்ணச் சொல்கிறது பழைய பௌத்த தியான நூலான விசுத்திமார்க்கம். குறைந்தால் மனம் இடம் போதாமல் தவிக்கும். கூடினால் மூச்சை விட்டு எண்ணிக்கையில் தொங்கும்.

தூக்கமா? புத்தரின் தலைமைச் சீடர் மொக்கல்லானருக்கே வந்தது. காதை இழுத்துவிடு, கைகால்களைத் தேய், கண்ணைக் கழுவி நட்சத்திரங்களைப் பார், எழுந்து நட. அதற்கும் மசியாவிட்டால் வலப்பக்கமாகப் படு என்று வரிசையாகச் சொன்னார் புத்தர். கடைசிச் சலுகையை முதல் நாளே எடுத்துக்கொள்ளாதீர்கள்!