களிமண்ணில் வராத முகம்

கேள்வி: நான் ஒரு சிற்பி. இறந்தவர்களின் மார்பளவுச் சிலைகள் செய்வதுதான் பிழைப்பு. ஐந்து மாதங்களுக்கு முன் என் நெருங்கிய தோழியின் தம்பி திடீரென்று இறந்துவிட்டான். “நீதான் அவனைச் செஞ்சு தரணும்” என்றாள். சரி என்றேன். வாரத்துக்கு இரண்டு முறை பட்டறைக்கு வருகிறாள். மூன்று முறை முகத்தைக் கலைத்துச் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் “இது அவன் இல்ல” என்று அழுகிறாள். அவளிடம் பணம் பேசவில்லை. அட்வான்ஸ் வாங்கிய வேறு இரண்டு சிலைகள் ஈரத்துணிக்குள் கிடக்கின்றன. அதில் ஒரு குடும்பத்துக்கு நினைவு நாள் நெருங்குகிறது. நேற்று அவள் வரும் சத்தம் கேட்டதும் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கல்மனசா?

பதில்: கல்மனசுக்காரர் விளக்கை அணைக்க மாட்டார். “நாளைக்கு வா, வேலை இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிடுவார். உங்களால் அதைச் சொல்ல முடியவில்லை, அதனால் இருட்டில் உட்கார்ந்தீர்கள்.

முதலில் அந்த முகத்தைப் பற்றிப் பேசுவோம். அவள் கொடுத்தது பெரும்பாலும் போனில் எடுத்த படங்களாக இருக்கும். கைநீட்டி எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கிவிடும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். போதாததற்கு எல்லாப் படத்திலும் பல் தெரியச் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பை அப்படியே மண்ணில் வைத்தால் விகாரமாகிவிடும், வாயை மூடினால் வேறு ஆளாகிவிடுவான். பக்கவாட்டுப் படங்களும், அவன் பேசுகிற வீடியோ ஒன்றும் வாங்கிப் பாருங்கள். நான்காவது முகம் இன்னும் நெருக்கமாக வரலாம்.

ஆனால் அதையும் அவள் “அவன் இல்ல” என்றுதான் சொல்வாள் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தெரிந்த தம்பி ஓயாமல் அசைந்துகொண்டிருந்தவன். மண் அசையாது. இன்னொன்றும் தோன்றுகிறது. ஐந்து மாதம் ஆகிவிட்டால் சுற்றியிருப்பவர்கள் பேச்சை மாற்ற ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் பட்டறையில் மட்டும்தான் ஒருவர் இன்னும் அவன் புருவத்தைப் பற்றியும் நெற்றித் தழும்பைப் பற்றியும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிலை முடிந்துவிட்டால் அங்கே வர அவளுக்கு என்ன சாக்கு இருக்கிறது? தெரிந்து செய்கிறாள் என்று சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது.

அதனால், வேலையை நிறுத்துங்கள். அவளைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். இப்போது இரண்டும் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. வாரத்தில் ஒரு நாள், கையில் மண் இல்லாமல், அவள் வீட்டுக்குப் போங்கள். போய் அவனைப் பற்றிக் கேளுங்கள். அளவெடுப்பதற்காகக் கேட்காதீர்கள். சும்மா கேளுங்கள். சிலையைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: “இப்ப என்ன செஞ்சாலும் உனக்கு அவனா தெரியாது. கொஞ்ச மாசம் போகட்டும். நான் விட்டுடல, வெச்சிருக்கேன்.”

நிஜமாகவே வைத்திருங்கள். ஈரத்துணி போட்டு எத்தனை மாதம் காப்பாற்றுவீர்கள்? ஒரு வாரம் மறந்தால் காது மடலில் விரிசல் விழும். மூன்றாவது முகத்துக்கு இப்போதே பிளாஸ்டரில் அச்செடுத்து, ஒரு பிரதி வார்த்து வைத்துவிடுங்கள். பிறகு அந்த அச்சில் புது மண்ணை அழுத்தி எடுத்துத் திருத்தலாம். ஆனால் அச்செடுக்கும் நாளில் அவள் பட்டறைப் பக்கம் வரவே கூடாது. முகம் முழுக்க வெள்ளைக் கூழை அடித்து, அது இறுகியதும் உள்ளிருக்கும் மண்ணைத் தோண்டி எடுப்பீர்கள். உங்களுக்கு அது அன்றாட வேலை. அவளுக்குத் தம்பியின் முகம்.

கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியச் சிற்பி தன் சொந்த மகனுக்கு நினைவுச் சிலை செய்தவர். மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போர்முனையில் இறந்தான். அந்த ஆண்டே யோசனை பிறந்துவிட்டது. மகன் உருவத்தையும் வைத்துத்தான் தொடங்கினார். 1919இல் முடியாமல் விட்டுவிட்டார், அப்புறம் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப எடுத்தார். 1932இல் பெல்ஜியத்தில் அவன் புதைக்கப்பட்டிருந்த இடுகாட்டில் சிலை நின்றபோது அதில் மகன் இல்லை. மண்டியிட்ட ஓர் அம்மாவும் ஓர் அப்பாவும் மட்டும். கிட்டத்தட்ட 18 ஆண்டுகள்! நீங்கள் ஐந்து மாதத்தில் மூன்று முறை கலைத்ததற்குக் கூசுகிறீர்கள்.

திரும்ப எடுக்கும்போது, பார்த்துச் சரி சொல்கிற ஆள் அவளாக இருக்க வேண்டாம். தம்பியின் நண்பன் ஒருவன் போதும், கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற கண். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி ஆடம்ஸ், 1885இல் இறந்த மனைவிக்காகச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸிடம் நினைவுச் சிலை கேட்டார். முக்காடிட்டு அமர்ந்த உருவம் அது. மனைவியின் சாயலும் இல்லை, பெயரும் பொறிக்கப்படவில்லை. 1891இல் அதை நிறுவியபோது ஆடம்ஸ் கடல் கடந்து போயிருந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்துதான் பார்த்தார். எல்லோராலும் அப்படி இருக்க முடியாது, ஆனால் அந்தச் சிற்பிக்குக் கிடைத்த நிம்மதியை யோசித்துப் பாருங்கள்.

பணம்: உங்கள் உழைப்பு உங்கள் அன்பளிப்பாக இருக்கட்டும். வெண்கல வார்ப்புச் செலவை மட்டும் அவள் தரட்டும். அதை இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசியில் சொன்னால் கசக்கும்.

ஈரத்துணிக்குள் கிடக்கும் அந்த இரண்டு பேரையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ அழுதுகொண்டிருக்கிறார்கள், உங்கள் முன்னால் அழவில்லை, அவ்வளவுதான். நினைவு நாள் குடும்பத்துக்கு இன்றே போன் செய்து, எந்தத் தேதிக்கு முடியும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நாளைக் காலை அந்தத் துணியைத்தான் முதலில் விலக்க வேண்டும்.

விளக்கை அணைத்ததை அவளிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். சொல்லிவிடுங்கள். பட்டறையில் விளக்கு எரிந்தால் வெளியே தெரியும், அது சட்டென்று அணைந்தாலும் தெரியும்.