மூன்று பூப்படங்களும் ஒரு மாட்டுக் கொட்டகையும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பழைய பங்களாத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து மலைக்காய்கறி போடுகிறேன். ரெண்டு மாடும் உண்டு. பெயர் தெரியாத மூன்று பூச்செடிகளின் படம் அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் வெள்ளைப் பூ குழல் மாதிரி தொங்குகிறது. இன்னொன்று வேலியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. மூன்றாவது நீல உருண்டை. பக்கத்து வீட்டில் இதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கிறது. செல்போன் ஆப்பில் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் வருகிறது. பெயர் தெரிந்தால் குச்சி வெட்டிப் பையில் நட்டு, மே மாத சீசனுக்கு விற்கலாம் என்று ஆசை. போன வாரம் வேலியைக் கவாத்து செய்து தழையைக் கொட்டகை ஓரம் குவித்தேன். ஒரு மாடு ரெண்டு நாளாகச் சரியாகத் தீனி எடுக்கவில்லை. மழைக் குளிரால் இருக்குமோ?

பதில்: பெயர் இருக்கட்டும், முதலில் அந்தக் குவியலை மாட்டுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். இன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊருக்குள் ஆள் கிடைக்காவிட்டால் கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்யுங்கள். வேலித் தழையில் ஒரு கொப்பை இலையோடு எடுத்து வைத்து அவரிடம் காட்டுங்கள். காரணம் குளிராகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதுதான் இந்தக் கடிதத்தின் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

இனி படங்கள். நீல உருண்டை ஹைட்ரேஞ்சியா. பக்கத்து வீட்டு ரோஸும் அதேதான். புளிப்பு மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகிறது. சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் ரோஸாகிறது. அவர் வீட்டுச் செடி சுவரோரம் இருக்கும், சுவரின் சுண்ணாம்பு மண்ணில் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதைத் தாராளமாகப் பையில் போட்டு விற்கலாம்.

வெள்ளைக் குழல் புரூக்மேன்சியா, ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். ஊமத்தைப் பூ நிமிர்ந்து நிற்கும், காயில் முள் இருக்கும். இது புதர்மரமாக வளரும், பூ தலைகீழாகத் தொங்கும். இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. வெட்டிய கையோடு கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து பார்வை மங்கும். ராத்திரி வாசத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஒன்றும் சொல்லாமல் விற்காதீர்கள்.

ஆரஞ்சுதான் வம்பு. திரை முழுக்கப் பூவை நிறைத்திருக்கிறீர்கள். பேருக்குக்கூட ஓர் இலை இல்லை. நீலகிரித் தோட்டங்களில் ஆரஞ்சுக் குழல் பூ என்றால் எனக்கு உடனே மூன்று செடி ஞாபகத்துக்கு வரும். பைரோஸ்டீஜியா கொடி: இலை எதிரெதிராக இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சிற்றிலையாகப் பிரிந்திருக்கும், பற்றுக்கம்பி உண்டு. ஸ்ட்ரெப்டோசோலன்: இலை சிறியது, சுருக்கம் விழுந்தது, பூக்குழல் லேசாக முறுக்கியிருக்கும். செஸ்ட்ரம்: இலை பெரியது, மாறி மாறி வரும், கசக்கினால் குமட்டும், காய் பழுத்தால் வெள்ளை. மாட்டின் ஈரலைக் கெடுப்பது இந்தச் செஸ்ட்ரம்தான். பச்சையாக இருக்கும்போது மாடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். வெட்டிப் போட்டு வாடிய தழையைப் புல்லோடு சேர்த்து இழுத்துவிடும். வாடினால் நஞ்சு போய்விடாது. உங்கள் வேலி செஸ்ட்ரம் என்றே சந்தேகப்படுகிறேன், ஆனால் இந்தப் படத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

இதை எத்தனை தடவை சொன்னாலும் பூவின் முகத்தை மட்டும்தான் அனுப்புகிறார்கள். செடி ஆளை மயக்குவது பூவில். தன்னைக் காட்டிக்கொடுப்பது இலையில். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: இலை தண்டில் எதிரெதிராக நிற்கிறதா, மாறி மாறி வருகிறதா என்று தெரிகிற மாதிரி ஒரு முழுக் கொப்பு, இலையின் அடிப்பக்கம், பூவின் பின்புறம், அதன் அடியிலுள்ள புல்லிவட்டம் தெரியும்படி, காய் இருந்தால் காய், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். அப்புறம் தள்ளி நின்று முழுச் செடி. கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாசம் என்பதையும் எழுதுங்கள், அதைக் கேமரா பிடிக்காது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் படம் மங்காது. ஆப்பையும் குறை சொல்ல மாட்டேன். வெறும் பூவைக் காட்டினால் அதுவும் குறிசொல்லத்தான் செய்யும். இலையையும் சேர்த்துக் காட்டிப் பாருங்கள், பேரினம் (தாவரவியல் பெயரின் முதல் சொல்) வரைக்குமாவது பல தடவை சரியாக வரும்.

சீசனுக்கு விற்பது பற்றி. சாலையோர நர்சரிகளில் பளபளக்கும் பூப்படத்தைப் பையில் மாட்டி, வாய்க்கு வந்த பெயரை வைத்து, 'இறக்குமதி' என்று விலை ஏற்றுகிறார்கள். இரண்டு சொல்லில் தாவரவியல் பெயர் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் சேராதீர்கள். ஊட்டிப் பக்கம் புல்வெளிகளைப் பிடித்திருக்கும் ஸ்காட்ச் புரூம் என்ற புதர் அழகுக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததுதான். செஸ்ட்ரமும் அப்படியே, பழத்தைப் பறவைகள் தின்று விதையைச் சோலைக்குள் போட்டுவிடுகின்றன. அதனால் வேலி செஸ்ட்ரம் என்று உறுதியானால் ஒரு குச்சியைக்கூடப் பையில் நடாதீர்கள். காய் பிடிப்பதற்கு முன் வேரோடு எடுத்துவிடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

புதுப் படத்திலும் தெளியாவிட்டால், பூவும் இலையும் உள்ள கொப்பைச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனம் ஏற்றி, தினம் தாளை மாற்றிக் காய வையுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் (BSI) தென்மண்டல மையம் இருக்கிறது. உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைத்திருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். கீழே இறங்கும்போது கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எடுத்த இடம், தேதி, செடியின் உயரம் மூன்றையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

மாட்டைப் பார்த்துவிட்டு மருத்துவர் என்ன சொன்னார் என்று, படங்களுக்குக் காத்திருக்காமல், தனியாக ஒரு வரி எழுதுங்கள்.