பழைய அம்பாசடருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

கேள்வி: என்னிடம் 1972 மார்க் 2 அம்பாசடர் இருக்கிறது. ஹைவேயில் பிரச்சினை இல்லை. சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறிவிடுகிறது. பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டச் சொல்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?

பதில்: ஓடும்போது சூடாகவில்லை என்பது நல்ல தகவல். ரேடியேட்டர் அடைத்திருந்தால் வேகமாகப் போகும்போதுதான் முதலில் சூடேறும். உங்களுக்குக் குறைவது காற்று. வாட்டர் பம்ப் புல்லியில் (பெல்ட் சுற்றும் சக்கரத்தில்) இருக்கும் பழைய ஃபேன் இன்ஜின் சுற்றும் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றும். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, சோம்பேறித்தனமாகத்தான் காற்றை இழுக்கும்.

அதற்காக உடனே கழற்ற வேண்டாம். முதலில் ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா, இறக்கைகளை யாராவது திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் ஐடிலில் சூடேறும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வை) பிடுங்கி எறிவது நம் ஊர் வைத்தியம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால் எலெக்ட்ரிக் ஃபேன் போடலாம். ஆனால் உங்கள் வண்டியில் கரன்ட் தயாரிப்பது இன்னும் பழைய லூகாஸ் டைனமோவா? சி40 ரகம் என்றால் அதிகபட்சம் 22 ஆம்பியர்தான், அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது. ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஃபேன் மட்டுமே 10 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து இன்னும் ஏழெட்டு. ஃபேன் தேவைப்படுவதோ சிக்னலில், அதாவது டைனமோ தூங்கும் நேரத்தில்! மழை இரவில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் பேட்டரி காலி. ஆகவே முதலில் டைனமோவுக்குப் பதில், ஐடிலிலும் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டர், அப்புறம்தான் ஃபேன்.

மாட்டும்போது ரேடியேட்டருக்குப் பின்னால், காற்றை இழுக்கும் விதமாக, ஷ்ரவுடோடு (ஃபேனைச் சுற்றி வரும் கூடோடு) மாட்டுங்கள். பிளாஸ்டிக் டையை ரேடியேட்டருக்குள் நுழைத்துக் கட்ட விடாதீர்கள்; அதிர்ந்து அதிர்ந்து டியூபை அறுத்துவிடும். கரன்ட், ரிலே (அதிக கரன்டைத் தாங்கும் மின் சுவிட்ச்), ஃபியூஸ் வழியாகப் போகட்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் என்றால் 92 டிகிரி வாக்கில் ஓடத் தொடங்கும் சுவிட்ச் பொருந்தும்.

இன்னொன்று. பழைய ஃபேனைக் கழற்றிய பிறகு அதே போல்ட்டுகளை புல்லியில் முறுக்கினால், ஃபேனின் தடிமன் இல்லாததால் நுனி உள்ளே நீண்டு வாட்டர் பம்பில் உரசலாம். வாஷர் கொடுங்கள், அல்லது குட்டை போல்ட் வாங்குங்கள். கழற்றிய ஃபேனைப் பத்திரமாக டிக்கியில் வையுங்கள். எலெக்ட்ரிக் ஃபேனின் மோட்டார் பாதி வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேர அதுதான் உதவும்.