முழுப் பிரசங்கத்தையும் கேட்டீர்களா?

கேள்வி: நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். பத்து வருடமாகச் சிகாகோ பக்கம் இருக்கிறோம். போகிற சபையில் பெரும்பாலும் வெள்ளையர்கள், கொஞ்சம் கறுப்பினக் குடும்பங்கள், இந்தியர் நாங்கள் ஒரே வீடு. போன மாதம் விருந்தினராக வந்த கறுப்பினப் போதகர், "இந்த நாடு மனந்திரும்பாவிட்டால் சாபம்தான்" என்று பிரசங்கித்தார். அந்தத் துண்டு வாட்ஸ்அப்பில் சுற்றி, சபை இரண்டாகிவிட்டது. இனவெறி பற்றி எல்லோரும் உட்கார்ந்து பேச, பாஸ்டர் நாலு சனிக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறார். "அவங்க சண்டை, நமக்கெதுக்கு வம்பு" என்கிறார் என் கணவர். போகலாமா? போனால் என்ன பேசுவது?

- ஒரு வாசகி, இலினாய்

பதில்: அன்புள்ள சகோதரி, போங்கள். போவதற்கு முன்னால் அந்தப் பிரசங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தரம் கேளுங்கள். அன்று நீங்கள் ஆராதனையில் இருந்திருப்பீர்கள். இருந்தும், அவர் எந்த வசனத்தை எடுத்துப் பேசினார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மனதில் நிற்பது வாட்ஸ்அப் துண்டுதான்.

இது உங்கள் சிகாகோவிலேயே முன்பு நடந்த கதை. ஜெரமையா ரைட், 1972 முதல் 2008 வரை அங்குள்ள டிரினிட்டி சபையின் போதகராக இருந்த கறுப்பினத்தவர். ஒபாமா அப்போது அந்தச் சபையின் அங்கத்தினர். 2008 மார்ச்சில், ஒபாமா ஜனாதிபதித் தேர்தலுக்குப் போட்டியிட்டுச் சூடு பிடித்த நேரம், 'தேவன் அமெரிக்காவைச் சபிப்பாராக' என்று ரைட் முழங்கிய சில விநாடிகள் டிவியில் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. அது 2003 குருத்தோலை ஞாயிறு பிரசங்கம். ஈராக் போர் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எடுத்த பகுதி லூக்கா 19, எருசலேமைப் பார்த்து இயேசு கண்ணீர் விட்டது. அரசாங்கம் பொய் சொல்லும், மாறும், தவறும். ஆண்டவர் மாறமாட்டார் என்பதுதான் பேச்சின் சாரம். பைபிளின் தீர்க்கதரிசிகளான ஆமோஸையும் எரேமியாவையும் வாசித்துப் பழகிய காதுக்கு இந்தத் தொனி புதிதா என்ன?

அதற்காக ரைட் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது. எச்.ஐ.வி.யைக் கறுப்பின மக்களை அழிக்க அரசாங்கமே உண்டாக்கியது என்றார், அதே பிரசங்கத்தில். அது பொய். பீடத்தில் நின்று சொன்னாலும் பொய்தான். ஆனால் அதை நம்புகிறவர் ஏன் நம்புகிறார் என்று தெரியவேண்டுமென்றால் டஸ்கீகீ தெரியவேண்டும். அலபாமாவில் உள்ள அந்த ஊரில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே அரசின் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை சிகிச்சையின்றி விட்டுவைத்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை.

அந்த மார்ச்சில் ஒபாமா பிலடெல்பியாவில் பேசினார். ரைட்டின் பேச்சைக் கண்டித்தார், ஆளை உதறவில்லை; தெருவில் கறுப்பின ஆண்களைக் கண்டால் பயம் என்று சொன்ன தன் வெள்ளைக்காரப் பாட்டியையும் சேர்த்தே சொன்னார். மே முடிவதற்குள் ஒபாமாவே அந்தச் சபையைவிட்டு விலகும்படி ஆனது. டிவி வெளிச்சத்தில் சமாதானம் பேசினால் அவ்வளவுதான். ரைட்டின் சபை சேர்ந்திருக்கும் யுனைட்டெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட்டில் வெள்ளையர்தான் அதிகம். அந்தத் திருச்சபை, அதே வருடம் மே 18 திரித்துவ ஞாயிறன்று இனம் பற்றிப் பிரசங்கிக்கும்படி தன் போதகர்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பாஸ்டர் பிடித்திருப்பதும் அந்த வழிதான்.

கூட்டத்தில் நாட்டாமை செய்யாதீர்கள். அவர் பேசியது சரியா தப்பா என்று ஆரம்பித்தால் முதல் சனிக்கிழமையோடு கதை முடிந்துவிடும். பக்கத்தில் உட்காரும் வயதான கறுப்பினப் பெண்மணியிடம், சின்ன வயதில் எந்தக் கோயிலுக்குப் போனார் என்று கேளுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் கோயிலில் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரான அப்சலோம் ஜோன்ஸைப் பிடித்துத் தூக்கினார்கள், இது உங்கள் இடமில்லை என்று. ஜெபம் முடியட்டும், நாங்களே போய்விடுகிறோம் என்றார். விடவில்லை. ஜெபம் முடிந்ததும் அவரும் ரிச்சர்ட் ஆலனும் கூட இருந்தவர்களும் மொத்தமாக வெளியேறினார்கள். ஆலன் தொடங்கிய கறுப்பினத் திருச்சபை இன்றும் இருக்கிறது.

"அவங்க சண்டை" என்கிற உங்கள் கணவருக்கு நம் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தை ஞாபகப்படுத்துங்கள். சாதிக்கொரு பக்கமாக, கால்சட்டையின் இரண்டு கால்போலக் கட்டிய கோயில், நடுவில் சுவர். 1910-இல் அந்தச் சுவரை இடித்ததற்கும் கோர்ட் படியேறினார்கள். என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கோயில் விருந்தான அசனத்தில் ஒரு தெருக்காரர்கள் மட்டும் எப்போதும் கடைசிப் பந்திதான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. ஆட்டுக்கறி தீர்ந்துவிடுமோ என்பதுதான் எனக்கிருந்த கவலை. கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது இந்த மாதிரி நம்மூர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்குத் தீர்ப்புச் சொல்ல அங்கே நிறையப் பேர் இருப்பார்கள்.

கணவரை வற்புறுத்த வேண்டாம். காரை மட்டும் ஓட்டிவரச் சொல்லுங்கள். சிகாகோ குளிரில் எவ்வளவு நேரம்தான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்?