பாய்காட்: ஆளின் பெயர் வினைச்சொல் ஆனது எப்படி?

புறக்கணிப்பைச் சொல்லும் 'பாய்காட்' என்பதில் உள்ள 'பாய்' பையனைக் குறிக்கிறதா?

இல்லை. முழுச்சொல்லும் ஒருவருடைய குடும்பப் பெயர். சார்லஸ் கனிங்ஹாம் பாய்காட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்த ஏஜென்ட். 1880-இல் குத்தகைதாரர்கள் குத்தகைப் பணத்தில் 25 சதவீதக் குறைப்பு கேட்டார்கள். பிரபு 10-க்கு மேல் இறங்கவில்லை. பாக்கி வைத்தவர்களை வெளியேற்ற பாய்காட் நோட்டீஸ் அனுப்பினார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், பிறர் வெளியேற்றப்பட்ட நிலத்தை எடுப்பவரோடு பேச்சுவார்த்தையே கூடாது என்று எனிஸ் நகரில் அயர்லாந்து அரசியல் தலைவர் பார்னெல் முழங்கியிருந்தார். ஊரார் அந்த ஆயுதத்தை பாய்காட் மேல் பிரயோகித்தார்கள். வேலையாட்கள் நின்றார்கள், கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து சுமார் 50 பேரும் அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ 1,000 படையினரும் வரவேண்டியிருந்தது. காவல் செலவு பயிரின் மதிப்பைவிடப் பல மடங்கு! அந்த ஆண்டு முடிவதற்குள் பத்திரிகைகள் அவர் பெயரை வினைச்சொல்லாகவே எழுதத் தொடங்கிவிட்டன.

ஒன்றைக் கவனியுங்கள்: இது ஒதுக்கியவர் பெயரல்ல, ஒதுக்கப்பட்டவர் பெயர். அடுத்த கேள்விக்கும் இதுவே உதவும்.

'பாய்காட் அகெய்ன்ஸ்ட் த மீட்டிங்' என்று எழுதலாமா?

கூடாது. ஒதுக்கப்படுவது எதுவோ அது வினையை ஒட்டியே வரவேண்டும். நடுவில் பிரிபொசிஷன் வேண்டாம். 'வி பாய்காட்டட் த மீட்டிங்' என்பதே சரி. 'கூட்டத்தைப் புறக்கணித்தோம்' என்று நாம் 'ஐ' உருபு போடுகிறோமே, அதே உறவு. பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் 'ஆஃப்' சேரும்: 'எ பாய்காட் ஆஃப் த மீட்டிங்'. பலர் கடைசியில் ஒரே 'டி' எழுதுகிறார்கள், இரண்டு வேண்டும். முதலெழுத்து இப்போது சிறிய எழுத்துதான்.

'பேன்', 'வாக்அவுட்' இரண்டும் இதே பொருளா?

அல்ல. 'பேன்' அதிகாரம் உள்ளவர் விதிக்கும் தடை. பாய்காட் செய்பவருக்குப் போகவும் வாங்கவும் உரிமை உண்டு. எதிர்ப்பைக் காட்டத் தானாக விலகுகிறார். 'வாக்அவுட்' உள்ளே வந்தபின் எழுந்து போகும் வெளிநடப்பு. காய்ச்சலால் கூட்டத்துக்கு வராதவரைப் பற்றி 'பாய்காட்டட்' என்று எழுதினால் அவர்மேல் வீண்பழி சுமத்துவதாகிவிடும். 'மிஸ்ட் த மீட்டிங்' என்றால் போதும்.

உச்சரிப்பில் அழுத்தம் எங்கே?

பெயர்ச்சொல்லோ வினைச்சொல்லோ, எப்போதும் முதல் அசையில், 'பாய்' மேல்.