தொண்டை வலி போனாலும் மண்ணீரல் இருக்கிறது

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பத்து நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. டான்சில் தொற்று என்று அமாக்சிசிலின் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. இப்போது ‘மோனோ’வாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் இந்தத் தடிப்பு மருந்து ஒவ்வாமை இல்லையா?

பதில்: ‘மோனோ’ என்பது மோனோநியூக்ளியோசிஸ் என்ற தொற்றுநோய். அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது எப்ஸ்டீன்-பார் வைரஸ். அந்த நேரத்தில் பென்சிலின் வகை மருந்துகளான அமாக்சிசிலினோ ஆம்பிசிலினோ சாப்பிட்டால் பலருக்கு இப்படித் தடிக்கும். இது பொதுவாக ஆயுள் முழுக்க நீடிக்கும் பென்சிலின் ஒவ்வாமை அல்ல. மருத்துவரைக் கேட்டு மருந்தை நிறுத்துங்கள். ஒவ்வாமை என்று கோப்பில் நிரந்தரமாக எழுதும் முன், குணமான பிறகு மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ கதை வேறு. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பாக்டீரியாத் தொண்டைப் புண்ணில் நெறி பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கம், தாடைக்குக் கீழே கட்டும். மோனோவில் கழுத்தின் பின்பக்கமும் கட்டும். டான்சிலில் வெண்சாம்பல் படலம், கண்ணிமை வீக்கம், படுக்கையை விட்டு எழ முடியாத அசதி எல்லாம் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ரத்த வெள்ளையணுக்களில் லிம்போசைட் என்ற வகை பாதிக்கு மேலும், அவற்றில் உருமாறியவை பத்து சதவீதத்துக்கு மேலும் இருப்பது நல்ல தடயம். மோனோவைக் கண்டறியும் மோனோஸ்பாட் என்ற ரத்தச் சோதனை முதல் வாரத்தில் பொய்யாக ‘இல்லை’ என்று காட்டலாம். ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அப்படி நேர்கிறது. ஒரு வாரம் கழித்துத் திரும்பச் செய்யலாம், அல்லது இந்த வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். சைட்டோமெகலோ வைரஸும் புதிதாகத் தொற்றிய எச்ஐவியும் இதே முகத்தோடு வரும் என்பதால், மோனோ இல்லை என்று வந்தால் அவற்றையும் சோதிப்பது நல்லது.

வைரஸை விரட்ட மருந்து கிடையாது. ஓய்வு, நிறையத் தண்ணீர், உப்பு நீரில் கொப்பளிப்பது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்: இவ்வளவுதான். கல்லீரலும் லேசாகப் பாதிக்கப்படும் நோய் இது, ஆகவே பாராசிட்டமால் அளவை மீறாதீர்கள். மதுவை அறவே தவிர்க்க வேண்டும். இந்த வயதில் ஆஸ்பிரின் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறி வரலாம். ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவையில்லை. டான்சில் வீங்கி மூச்சுப் பாதையை அடைக்கும் நிலைக்குத்தான் அது.

கேள்வி: காய்ச்சல் விட்டுவிட்டால் கால்பந்து ஆடலாமா? அவன் கேட்கவே மாட்டேன் என்கிறான்.

பதில்: கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சுமார் பாதிப் பேருக்கு மண்ணீரல் பெரிதாகிறது. பெருத்த மண்ணீரலின் உறை மெலிந்திருக்கும். விழுந்தால், முழங்கை பட்டால், சில சமயம் எதுவும் படாமலேயே கிழிந்துவிடும். கிழிவது அரிது, நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களில்தான் நடக்கிறது, அதாவது பையன் ‘நல்லாயிட்டேன்’ என்று சொல்லும் நேரத்தில்.

நோய் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது மூன்று, நான்கு வாரம் ஓட்டம், பளு தூக்கல், மோதி ஆடும் ஆட்டம் எதுவும் வேண்டாம். கையால் தொட்டு மண்ணீரல் தட்டுப்படவில்லை என்பதை மட்டும் நம்ப முடியாது. சந்தேகமிருந்தால் ஸ்கேன் செய்யலாம். விலாவுக்குக் கீழே இடப்பக்கம் திடீர் வலி, இடது தோள்பட்டையில் வலி, தலைசுற்றல், வெளிறிப்போதல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தங்கைக்குத் தொற்றுமா?

பதில்: எச்சில் வழியாகப் பரவுகிறது. ஒரே தம்ளர், ஸ்பூன், பிரஷ் வேண்டாம். தனி அறை தேவையில்லை. குணமான பின்னும் மாதக்கணக்கில் எச்சிலில் வைரஸ் இருக்கும். தொற்றினாலும் அறிகுறி தெரிய நான்கு முதல் ஆறு வாரமாகும். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சாதாரணச் சளி போல வந்துபோகும்.